தாய் ஆரு?

நேற்றுப் பின்னேரம் மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் ஒரு பெண்பிள்ளை என்னைக் கண்டு பயந்து எழுந்து போய்விட்டாள். நான் ஒன்றும் செய்யவில்லை. முதுகில் பெரிய பையும், அந்தப் பையில் கட்டித் தொங்கவிட்ட சப்பாத்துமாக வாங்கில் இருந்தாள். பக்கத்தில் ஒரு வண்டியில் கச்சான் கடலை வறுத்துக்கொண்டிருந்தார்கள். சுடுமணலில் கச்சான் கோது கருகும் அந்த வாசம்தான் என் வாயைத் திறந்திருக்க வேண்டும். "எந்த ஊர் மகள்? ஆர்ர புள்ள நீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். போனைக் காதில் வைத்துச் சிரித்துப் பேசியபடி கொழும்பு பஸ் நிற்கிற பக்கம் போய், ஆட்களோடு ஆளாக நின்றுகொண்டாள். அந்தப் போனில் மறுபக்கம் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியாத ஆள் பேச்சுக் கொடுத்தால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று என் மகள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

அவளும் இப்படி ஒரு பையோடு எங்கேயோதான் இருப்பாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தாள். இனி வேலைக்கு மனுப் போடுவாள் என்று நானும் மனைவியும் காத்திருந்தோம். அவள் பை வாங்கினாள். ஒரு ஊரில் ஒரு மாதம், இரண்டு மாதம் ஏதாவது வேலை செய்வாள். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் அடுத்த ஊர். எல்லவில் தங்குமிடம் ஒன்றில் படுக்கை விரிக்கும் வேலை செய்தாள். நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி பிடுங்கினாள். பிறகு பொத்துவில் கடற்கரையில் வெள்ளைக்காரருக்குக் கோப்பி ஊற்றினாள். மகள் என்ன செய்கிறாள் என்று நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில் கேட்டால், "தற்காலிகமா ஒரு இடத்தில" என்பேன். அது பொய் இல்லைதானே.

பொத்துவிலில் இருக்கும்போதுதான் அவளுடைய போன் நின்றது. மூன்று கிழமை, இருபத்தொரு நாள். அவள் கிடைத்துவிட்டாள், பயப்படாதீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பட்டதை நீங்களும் படத் தேவையில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையின் சத்தம் இல்லாமல் போனால், அது வெறும் போன் பழுதாக இருக்கலாம் என்று என் வயதுக்காரரால் நினைக்க முடியாது. நாங்கள் பார்த்து வளர்ந்தது அப்படி. இன்றைக்கும் தெரியாத இலக்கத்தில் மணி அடித்தால், எடுக்கும்முன் கையைச் சாரத்தில் துடைத்துக்கொள்கிறேன்.

அவள் பேசியதும் ஒரு தெரியாத இலக்கத்தில் இருந்துதான்.

"அப்பா, போன் தண்ணிக்குள்ள விழுந்திட்டு. வேல செஞ்சி புதுசு வாங்கத்தான் இவ்வளவு நாள்."

"ஆர்ரயும் போன்ல எடுத்திருக்கலாமே மகள்?"

"உங்கட நம்பர் பாடமில்லப்பா. அப்பா எண்டுதானே போன்ல இருந்த."

அழுவதா, ஏசுவதா என்று தெரியவில்லை. இப்போது யாரிடம் வேலை செய்கிறாய், அவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்டேன். சிரித்தாள். "இஞ்ச ஒருத்தரும் ஒருத்தர்ட்டயும் ஒண்டும் கேக்க மாட்டாங்கப்பா. அதாலதான் எனக்குப் புடிச்சிருக்கு."

அவளைச் சொல்லவும் எனக்கு வாய் இல்லை. அவளுடைய வயதில் நானும் அப்படித் திரிந்தவன்தான். சண்டை நின்று பாதைகள் திறந்த புதிது. அதுவரை இரண்டு சோதனைச் சாவடிகளுக்கு இடையில் வளர்ந்தவனுக்கு, மூன்றாவதைத் தாண்டி என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை. களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் கச்சான் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். கச்சான் கடைகள் ஒரு திருவிழா முடிந்ததும் அடுத்த திருவிழாவுக்கு நகரும். கடைக்காரப் பெண்ணுக்கு லொறியில் ஏற்றி இறக்க ஆள் தேவை. எனக்கு ஊர் பார்க்க வேண்டும். பொருத்தம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வயல் வட்டையில், விளைந்து நின்ற வேளாண்மைக்கு யானைக் காவல். அங்கே யானைக்குப் பயந்ததைவிடத் தனிமைக்குத்தான் அதிகம் பயந்தேன். சத்தம் போட்டு யானையைத் துரத்தச் சொன்னால், யானை வராத நேரத்திலும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன இடமெல்லாம் ஒரே விசாரணை. "ஆர்ர மகன் நீ?" அப்பாவின் பெயரைச் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். "தகப்பனக் கேக்கல்ல. தாய் ஆரு? என்ன குடி?" எங்கள் பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய்வழியில் வருவது. தாய் யார் என்று தெரிந்தால்தான் ஒருவனை எந்த இடத்தில் வைப்பது, என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியும். கேள்வியில் கொஞ்சம் சந்தேகமும் இருக்கும், காலம் அப்படி. எனக்கு எரிச்சலாக வரும். ஒருவருக்கும் ஒன்றும் இல்லாதவனாகத் திரியத்தானே வீட்டைவிட்டு வந்தேன்.

கதிரவெளியில் கரைவலை இழுக்கப் போனபோதும் அதே கேள்வி. கேட்டவர் வலை முதலாளியின் மனைவி, பூரணம். வாயில் வந்த ஒரு குடியின் பெயரைச் சொல்லி, "மாமி, வேல இருக்கா?" என்றேன். அவர் மீன் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தார்.

"மாமியா? அது நம்மட குடிகா! பெரியம்மா எண்டு சொல்லு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குச் சோறு. இழுத்தவர்கள் எல்லோருக்கும் கறிக்கு மீன் கிடைக்கும், எனக்கு மட்டும் கறியே கிடைக்கும். பூரணத்தின் மகள்மார் இருவரும் ஒரே நாளில் எனக்குத் தங்கச்சிகளாகிவிட்டார்கள். அது மட்டும் கொஞ்சம் நட்டம்.

நான் எங்கே இருக்கிறேன் என்று வீட்டுக்குச் சொல்லவில்லை. ஒருநாள் வெயில் ஏறும் நேரம், வலையின் பாதி இன்னும் கடலுக்குள் இருக்க, கரையில் குடை ஒன்று வந்தது. அம்மா. கச்சான் கடைக்காரப் பெண்ணைக் கேட்டு, அவள் சொன்ன வட்டைக்காரரைக் கேட்டு, அவர் காட்டிய பஸ் கொண்டக்டரைக் கேட்டு, "அந்த மெலிஞ்ச பொடியனா? கதிரவெளியில எறக்கின" என்று அவர் சொன்னதை நம்பி வந்திருந்தார். பூரணத்திடம்தான் முதலில் போய் நின்றார்.

"என்ட மகன் இஞ்ச நிக்கானாம்."

"உங்கட மகன் ஆரும் இல்லகா. இஞ்ச நிக்கிற பொடியன் நம்மட குடி."

அம்மா கயிற்றுக்கு அருகில் வந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு பூரணத்தின் பக்கம் திரும்பினார்.

"இவன் என்ட வயித்துலதான் பொறந்த. உங்கட குடிக்கு எப்ப மாறின?"

இழுத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கயிறு தளர்ந்து, வலை முதலாளி எல்லோரையும் ஏசினார். "குடி மாறினவன்" என்ற பெயர் எனக்கு அங்கிருந்து போகும்வரை நிலைத்தது. பூரணம் கோபிப்பார் என்று பார்த்தேன். "தாய்க்காரி பசியோட வந்திருக்கா, மறுகா சண்ட புடிப்பம்" என்று அம்மாவை உள்ளே கூட்டிப்போனார். இரண்டு பேரும் மத்தியானம் முழுக்க என் குற்றங்களைப் பேசிச் சிரித்தார்கள்.

பின்னேர பஸ்ஸுக்கு அம்மா தனியாகவே புறப்பட்டார். என்னைக் கூட்டிப்போகத்தான் வந்தார் என்று நினைத்துப் பையைக் கட்டி வைத்திருந்தேன். "நீ நில்லு. எங்க நிக்காய் எண்டு கண்டாச்சி, அது போதும்" என்றார். கையில் பூரணம் கொடுத்த கருவாட்டுப் பொதி.

மகளின் போன் நின்ற அந்த மூன்று கிழமையில் நானும் அம்மாவைப்போலத்தான் புறப்பட்டேன். பொத்துவிலில் மகள் வேலை செய்த இடத்தில் சமையல் செய்யும் முஸ்லிம் காக்கா ஒருவர்தான் பேசினார். "சுத்தித் திரியிற புள்ளதானே, போயிட்டா சேர். எங்க எண்டு தெரியா. நாங்க கேக்கிறல்ல. வாறாங்க, வேல செய்றாங்க, போறாங்க." அவருடைய முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. எனக்காகக் கொஞ்சம் யோசித்தும் பார்த்தார். "வேற கடல் பாக்கணும் எண்டு சொல்லிட்டு இருந்தா" என்றார்.

வேறு கடல் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சின்ன வயதில் அவளுக்குச் சோறூட்டக் கதிரவெளிக் கதையைத்தான் சொல்வேன். மறுநாளே அங்கே போனேன். வீட்டில் சொல்லவில்லை.

பூரணத்தின் வளவில் தாழை மண்டியிருந்தது. கடல் ஊருக்குள் வந்த வருடத்துக்குப் பிறகு அங்கே யாரும் இல்லையாம். கரையில் வலை இழுபட்டுக்கொண்டிருந்தது. இழுத்தது டிராக்டர். அதன் பின்னால் சுழன்ற உருளையில் கயிறு தானாக ஏறியது. முன்பு இரண்டு கயிற்றிலும் வரிசையாக ஆட்கள் நின்ற இடத்தில் இப்போது இரண்டு மூன்று பேர், காதில் பாட்டு. மகளுடைய படத்தைக் காட்டினேன். டிராக்டர் ஓட்டியவர் இயந்திரத்தை நிறுத்தாமலே எட்டிப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார்.

நான் அங்கேயே நின்றேன். மீனோடு வலையின் மடி கரைக்கு ஏறியது. மீனைப் பிரித்தார்கள், பெட்டியில் அடுக்கினார்கள், டிராக்டரும் போய்விட்டது. போகும்போது என்னைச் சுற்றித்தான் போனார்கள். எங்கிருந்து வாறாய், நீ ஆர்ர மகன், உன்ட தாய் ஆரு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தமுறை சரியாகச் சொல்லியிருப்பேன்.