நாலும் ஒண்ணா தேயணும்

பனியில் ஒரு முழங்காலை ஊன்றி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டயரின் பள்ளத்துக்குள் ஒரு சின்ன அளவுகோலை இறக்குகிறார் ஆர்டெல் பூலியோ. ஒரு டயருக்கு மூன்று இடம்: உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு. நான்கு டயருக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு அளவையும் வாய்விட்டுச் சொல்வார், பக்கத்தில் யாரோ குறித்துக்கொள்கிற மாதிரி. யாரும் குறித்துக்கொள்வதில்லை. அவருடைய நாய் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஈஸ்ட் ஹேஸல்டன் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் இந்த முழங்காலைத் தாண்டித்தான் போகவேண்டும். "அவ நமக்கு முன்னாடியே ஜெபத்த ஆரம்பிச்சுட்டா" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

ஆர்டெலுக்கு ஐம்பத்தெட்டு வயது. அமெரிக்காவில், வெர்மான்ட்டின் வடகோடியில் இருக்கிற இந்த ஊருக்கும் சுற்றியுள்ள மேடுகளுக்கும் தபால் கொண்டுபோகிறவர். இந்தப் பக்கத்துத் தபால்காரர்களுக்குச் சொந்த வண்டிதான். அறுபத்தொரு மைல், நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள், பாதிக்கு மேல் மண்சாலை. பெட்டிகள் எல்லாம் சாலையின் வலது ஓரத்தில் நிற்கின்றன. காரின் ஸ்டியரிங்கோ இடதுபக்கம். அதனால் ஆர்டெல் வலது இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, இடது காலை நீட்டி பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் மிதித்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவார். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். எதிரே வருகிற வெளியூர்க்காரர்கள், ஓட்டுகிறவர் இடத்தில் ஆளே இல்லாத கார் ஒன்று வருவதைப் பார்த்து ஓரம் கட்டி நின்றுவிடுவதுண்டு. ஆர்டெல் வலது ஜன்னல் வழியாக அவர்களுக்குக் கையசைத்துவிட்டுப் போவார்.

கார் கரும்பச்சை. நான்கு சக்கரத்துக்கும் இன்ஜினின் இழுப்பு போகிற ஜாதி. இரண்டு லட்சத்து முப்பதாயிரம் மைல் ஓடியிருக்கிறது. நான்கும் சேர்ந்து இழுக்கிற வண்டியில் ஒரு டயர் மட்டும் அதிகம் தேய்ந்துபோனால், அது மற்ற மூன்றையும்விட வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை எல்லாம் நடுவில் இருக்கிற பற்சக்கரப் பெட்டி தாங்கிக்கொண்டே வந்து, ஒரு நாள் வெந்துபோகும். ஆர்டெலின் முதல் வண்டிக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது. அன்றிலிருந்து அவர் வாயில் இந்த ஒரு வாக்கியம் குடியேறிவிட்டது: "நாலும் ஒண்ணா தேயணும்." ஐயாயிரம் மைலுக்கு ஒருமுறை முன் சக்கரத்தைப் பின்னுக்கும் பின் சக்கரத்தை முன்னுக்கும் மாற்றுவார். ஃப்ளோரிடாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட கணவர் ரெயாலைப் பற்றி யாராவது பேச்சை இழுத்தால்கூட அதே கணக்குதான். "நல்ல மனுஷன். குறை சொல்ல மாட்டேன். நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி தேயல, அவ்வளவுதான்."

அக்டோபர் பிறந்தால் வாசலில் அட்டையை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டு, காரின் வயிற்றில் ஆட்டுக் கம்பளிக் கொழுப்பு கலந்த எண்ணெயைத் தடவுவார். சாலையில் கொட்டுகிற உப்பு இரும்பைத் தின்னாமல் இருக்க. ஒரு வாரத்துக்கு அவர் மேல் கிடா வாடை அடிக்கும்; தபாலாபீஸ் கவுண்டரில் உட்காருகிற கோரின், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார். ஜனவரியில் இரண்டு நாள் வெயில் எட்டிப்பார்த்தால், தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற சுழல்குழாயைக் காருக்கு அடியில் தள்ளித் திறந்துவிடுவார். எல்லோரும் காருக்கு மேலே கழுவுவார்கள். இவர் மேலே கழுவி யாரும் பார்த்ததில்லை. "மேல இருக்கிற அழுக்கு யாரைக் கடிக்குது?" என்பார்.

இந்த ஊரில் ஆர்டெலைக் கேலி செய்வதையே வேலையாக வைத்திருந்தவர் ஹார்லன் டாட்ரோ. எழுபத்து நான்கு வயது. டாட்ரோ மேட்டின் உச்சியில் தனியாகக் கோழிகளோடு வாழ்கிறவர். அவரிடம் ஒரு பழைய பிக்-அப் வண்டி. பின் சக்கரம் மட்டும் இழுக்கும். குளிர்காலம் முழுக்க, சக்கரம் வழுக்காமலிருக்க, பின்னால் எட்டு மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஓட்டுவார். ஊர்க் கடையில் காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தினமும் பிரசங்கம்.

"எங்கப்பா ரெண்டு சக்கரத்துல பால் வண்டி ஓட்டினாரு. நான் ரெண்டு சக்கரத்துல பொண்டாட்டிய பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஓட்டத் தெரியாதவங்களுக்குத்தான் நாலு சக்கரம். என்ன ஆர்டெல், இன்னைக்கு டயருக்கு ஜுரம் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. உங்களுக்கும் பாக்கணுமா? வாயத் தொறங்க."

இப்படியே பதினைந்து வருஷம் போயிற்று.

இந்த மார்ச் மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, பனி வழிக்கிற வண்டியின் பிளேடிலிருந்து உடைந்து விழுந்த இரும்புத் துண்டு ஒன்று சேற்றுப் பனிக்குள் புதைந்து கிடந்தது. ஆர்டெலின் வலது பின் டயர் அதன் மேல் ஏறியது. பக்கவாட்டில் ஒரு சாண் கிழிசல். ஒட்டுப்போட முடியாத இடம்.

மெக்கானிக் ரோஸேர் டயரைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த மாதிரி இப்ப வர்றதே இல்ல ஆர்டெல். நாலும் புதுசாப் போட்டுருங்களேன்."

"மூணு நல்லா இருக்கு. முப்பத்திரண்டுல ஏழு இருக்கு. இன்னும் ஒரு குளிர்காலம் வரும்." ஓர் அங்குலத்தை முப்பத்திரண்டாகப் பிரித்ததில் ஏழு பங்கு ஆழம் என்று அர்த்தம். "ஒரு புது டயரைச் சீவி ஏழுக்குக் கொண்டாரச் சொல்லு."

"பர்லிங்டன்ல ஒருத்தர் சீவிக் குடுப்பாரு. பத்து நாள் ஆகும்."

"ஆகட்டும்."

அதுவரைக்கும், டிக்கியில் கிடக்கிற தற்காலிகச் சக்கரம்தான். ஒல்லியாக, குள்ளமாக, குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளுக்குப் போடுவது போல இருக்கும். அதை மாட்டிக்கொண்டு நான்கு சக்கரத்தையும் இழுக்க விட்டால் பற்சக்கரப் பெட்டி தொலைந்தது. ரோஸேர் பானெட்டைத் திறந்து ஓரிடத்தில் ஒரு ஃபியூஸைச் சொருகினார். பின் சக்கரங்களுக்கு இழுப்பு நின்றது. "இப்ப இது வெறும் முன் சக்கர வண்டி. மேட்டுப் பக்கம் போயிடாதீங்க" என்றார்.

மறுநாள் காலை தபாலாபீசுக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. பெட்டி முழுக்கத் துளைகள். துளை முழுக்கக் கீச்சுக் குரல். இருபத்தைந்து கோழிக்குஞ்சுகள், பொரித்த அன்றே அனுப்பப்பட்டவை. புயலில் எங்கோ ஒரு நாள் முடங்கிவிட்டு, மூன்றாம் நாள் வந்திருந்தன. மேலே எழுதியிருந்த பெயர் ஹார்லன் டாட்ரோ.

கோரின் அவருக்குப் போன் போட்டார். பேசிவிட்டு ரிசீவரை வைத்தபோது முகம் சுருங்கியிருந்தது. "பிக்-அப் முற்றத்தை விட்டே நகரலையாம். ஒரே பாறைப் பனியாம். நாளைக்கு வந்து எடுத்துக்கிறேங்கிறாரு."

ஆர்டெல் குனிந்து துளையில் காதை வைத்தார். முதல் நாள் குஞ்சுகள் எப்படிக் கத்தும் என்று அவருக்குத் தெரியும். இவை அப்படிக் கத்தவில்லை. "நாளைங்கிறதே இதுங்களுக்கு இல்ல" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் பின் சீட்டில் வைத்து பெல்ட் போட்டார்.

தபால் வரிசையை மாற்றக் கூடாது. ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு, வழியிலிருந்த முன்னூறு பெட்டிகளையும் தாண்டி, டாட்ரோ மேட்டின் அடிவாரத்துக்கு வரும்போது மணி இரண்டு. குஞ்சுகளுக்காகக் கோட்டைக் கழற்றியிருந்தும் வியர்த்து ஊற்றியது. மேடு அரை மைல். பனி உருகி, மறுபடி உறைந்து, கண்ணாடியாகக் கிடந்தது. முதல் முயற்சியில் கால்வாசி ஏறிவிட்டு முன் சக்கரங்கள் வழுக்கிச் சுற்றின. மெதுவாகச் சறுக்கி இறங்கினார். இரண்டாவது முயற்சியும் அதே இடத்தில் நின்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்றால், தன் முழங்கால் தாங்குமா என்பது இருக்கட்டும், வெளியே அடிக்கிற காற்றில் குஞ்சுகள் கால்வாசி தூரம்கூடத் தாங்காது. பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த கீச்சொலி குறைந்துகொண்டே வந்தது.

ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கணக்குப் போட்டார். மேட்டில் ஏறும்போது வண்டியின் பாரம் எல்லாம் கீழ்ப்பக்கமாகப் போய் உட்காருகிறது. இழுக்கிற சக்கரம் முன்னால் இருந்தால், அந்த முன்பக்கம்தானே கீழே இருக்கவேண்டும்?

காரைத் திருப்பினார். ரிவர்ஸ் போட்டார். வலது இருக்கையிலிருந்து உடம்பை முறுக்கிப் பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, இடது காலால் பெடலைத் தொட்டும் தொடாமலும் மிதித்து, டாட்ரோ மேட்டில் பின்பக்கமாக ஏறத் தொடங்கினார். "நிறுத்தாத, நிறுத்தாத" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். வளைவில் ஒருமுறை காரின் வால் சாலையோர ஓடைப் பக்கம் போனது. ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு திருப்பினார். வால் திரும்பி வந்தது. உச்சியில் சமதரை வரும்வரை பிரேக்கைத் தொடவே இல்லை. வந்த வேகத்தில் வீட்டு வாசலையும் தாண்டி, பின்னாலிருந்த கொட்டகைக்கு முன்னால் போய்த்தான் வண்டி நின்றது.

கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஏதோ ஒன்று தார்ப்பாயால் மூடியிருக்க, காற்று அதில் பாதியை உருட்டித் தள்ளியிருந்தது. தெரிந்த பாதியில் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பின் கண்ணாடி, மினுமினுக்கும் ஒரு சாம்பல் நிறக் கார். ஆர்டெலின் காருக்குத் தம்பி முறை; அதே நான்கு சக்கர இழுப்பு.

ஹார்லன் வீட்டிலிருந்து ஓடிவந்தார். குஞ்சுப்பெட்டியைப் பார்ப்பதா, கொட்டகையைப் பார்ப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"முதல்ல குஞ்சு" என்றார் ஆர்டெல்.

சமையலறையில் விளக்கு போட்ட கூண்டு தயாராக இருந்தது. ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, அலகைச் சர்க்கரைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு இறக்கிவிட்டார்கள். ஒன்று மட்டும் துவண்டு கிடந்தது. ஹார்லன் அதை இரண்டு உள்ளங்கைக்குள் வைத்து ஊதிக்கொண்டே இருந்தார். கால்மணி நேரம் கழித்து அது அவர் கட்டைவிரலைக் கொத்தியது. இருபத்தைந்தும் பிழைத்தன.

அதற்குப் பிறகு ஆர்டெல் கொட்டகைக்கு நடந்தார். ஹார்லன் பின்னாலேயே வந்தார்.

"அது என் மச்சானோடது. கொஞ்ச நாளைக்கு வச்சுக்கன்னு நிறுத்திட்டுப் போயிட்டான். நான் தொடுறதுகூட இல்ல."

ஆர்டெல் தார்ப்பாயை உருவினார். முழங்காலை ஊன்றினார். அளவுகோலை எடுத்தார். முன் இடது, பின் இடது, பின் வலது, முன் வலது. வாய்விட்டுத்தான் சொன்னார். எட்டு, எட்டு, எட்டு, எட்டு. பள்ளத்தில் சிக்கியிருந்த ஒரு நீலக் கல்லை நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். டாட்ரோ மேட்டில் மட்டும் கிடக்கிற கல்.

"உங்க மச்சான் ரொம்பப் பொறுப்பான மனுஷன்" என்றார். "தேய்மானத்தப் பாத்தா பன்னெண்டாயிரம் மைல் ஓட்டியிருக்கார். நாலும் ஒண்ணா தேஞ்சிருக்கு. ஊர்ல எவனும் இவ்வளவு ஒழுங்கா வச்சுக்கல."

ஹார்லன் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பாராட்டு அவரை என்னவோ செய்தது.

"அஞ்சாயிரத்துக்கு ஒரு தடவை மாத்திப் போடுறேன்" என்றார் மெதுவாக.

"எப்ப ஓட்டுறீங்க?"

"ஞாயித்துக்கிழமை. பின்பக்கக் காட்டுவழி. அடுத்த மாவட்டத்துல யாருக்கும் என்னைத் தெரியாது." பிறகு, கேட்காமலே சொன்னார்: "என்னமா ஓடுது தெரியுமா அது."

"தெரியும்." ஆர்டெல் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். குரலில் இருந்த கேலி போய்விட்டிருந்தது. "இதுல ஏறிக் காலையிலயே கீழ வந்திருக்கலாம். பத்து நிமிஷம். நான் ரெண்டு சக்கரத்துல பின்பக்கமா ஏறி வந்திருக்கேன் ஹார்லன். ஓடைக்குள்ள போயிருப்பேன். உள்ள இருபத்தஞ்சு உசிர் வேற. எதுக்கு? உங்க ஜம்பத்துக்கு."

ஹார்லன் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுவது போலப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, ஆர்டெலின் காரில் பின்பக்கம் மாட்டியிருந்த குள்ளச் சக்கரத்தைக் கவனித்தார். போய்ச் சுவரில் மாட்டியிருந்த ஜாக்கியை எடுத்துவந்து, தன் காரின் பின் வலது மூலையில் வைத்தார்.

"இது எட்டு. உன்னோடது எவ்வளவு, ஒத்துப்போகுமா?"

"ஏழு. ரெண்டு வரைக்கும் வித்தியாசம் தாங்கும்."

எழுபத்து நான்கு வயதில் அவர் தானே நட்டுகளைக் கழற்றினார். ஆர்டெல் கைகொடுக்கப் போனபோது விடவில்லை. சக்கரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து ஆர்டெல் காரில் மாட்டினார். தன் காருக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தார். ஆர்டெல் பானெட்டைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பத்து நாள்ல திருப்பிக் குடுத்துடறேன்."

"மெதுவாக் குடு. ஆனா ஆர்டெல்..." ஹார்லன் தொண்டையைச் செருமினார். "கடையில யாருக்கும்..."

ஆர்டெல் கதவைச் சாத்திக்கொண்டார். நான்கு சக்கரமும் தரையைப் பிடிக்க, கார் மேட்டிலிருந்து நேராக இறங்கிப் போனது.

மறுநாள் காலை சாலைக்கு மணல் போட்டிருந்தார்கள். ஹார்லன் பிக்-அப்பில் மணல் மூட்டைகளோடு கடைக்கு வந்து சேர்ந்தார். காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் வழக்கமான கூட்டம். வழக்கத்தைவிட உரக்கவே பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. "நாலு சக்கரமும் இழுக்குதாம். எதுக்கு? ஒரு மனுஷனுக்கு ரெண்டு கால் பத்தலையா?"

ஆர்டெல் உள்ளே வந்து காப்பியைப் பிடித்துக்கொண்டார். ரோஸேர் ஜன்னல் வழியாக வெளியே நின்ற பச்சைக் காரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"ஆர்டெல், பின் வலது சக்கரம் எங்க கிடைச்சுது? சுத்துப்பட்டுல எங்கயும் இல்லன்னு நெனச்சேனே."

பிரசங்கம் நின்றது. எல்லோரும் ஆர்டெலைப் பார்த்தார்கள். ஹார்லன் காப்பிக் கோப்பையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். உயர்த்திய கையில், கோட்டின் முன்கை விளிம்பைச் சுற்றிலும் சக்கரத்தின் கரி ஒரு கறுப்பு வளையமாக அப்பியிருந்தது. மெக்கானிக்குக்கு அது என்ன கரி என்று சொல்லித் தரவேண்டியதில்லை.

"தெரிஞ்சவங்க ஒருத்தர் குடுத்தாங்க" என்றார் ஆர்டெல். கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு ஹார்லன் பக்கத்தில் போய், ரோஸேருக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, அவருடைய கோட்டுக் கையின் விளிம்பை ஒரு மடிப்பு உள்பக்கமாக மடித்து, கட்டைவிரலால் அழுத்திவிட்டார்.