குகைக்குள் நான் விட்ட கை

பத்தாம் ஆண்டு படிக்கும்போது குகை பார்க்க டிரிப் போகிறோம் என்று சேர் சொன்னதும் வகுப்பே குதித்தது. என் பக்கத்தில் இருந்தவள் மட்டும் தலையைக் குனிந்து கொப்பியில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். முந்தின வருட மழையில் அவர்கள் தேயிலைத் தோட்டத்து மலை சரிந்து, வரிசை வீடுகளான லயத்தில் நாலு வீடுகளை மூடிவிட்டது. மூடியது விடியற்காலை. அவளை மத்தியானம் உயிரோடு எடுத்தார்கள், அவள் அம்மாவை மறுநாள் எடுத்தார்கள். அதன் பிறகு எங்கள் லயத்தில் தன் சித்தி வீட்டில் இருந்தாள். லைட்டை அணைத்தால் தூங்கமாட்டாள் என்று சித்தி அலுத்துக்கொள்வார்.

"நான் வரலடி" என்றாள்.

"லூசு மாதிரி பேசாத. நான் கையப் புடிச்சுக்கிறேன். வெளிய வர்ற வரைக்கும் விடமாட்டேன், போதுமா?"

அவள் வராவிட்டால் பஸ்ஸில் நான் தனியாக உட்கார வேண்டும். என் கவலையெல்லாம் அதுதான். அதைப் பாசம் என்று நானே நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன்.

மஸ்கெலியாவிலிருந்து பதுளைப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் எல்லோருக்கும் பாடிப் பாடித் தொண்டை கட்டிவிட்டது. அவள் ஜன்னல் வழியாக மழைத் தூறலையே பார்த்துக்கொண்டு வந்தாள். குகை வாசலில் குனிந்துதான் இறங்க வேண்டும். வழிகாட்டும் சிங்கள அண்ணன் டோர்ச்சோடு முன்னால் போனார். உள்ளே வௌவால் எச்சத்தின் நாற்றம், காலடியில் சேறு. அவள் பிடித்த பிடியில் என் விரல்கள் வலித்தன.

கொஞ்சம் அகலமான இடம் வந்ததும் அந்த அண்ணன் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சேர் அதைத் தமிழில் சொன்னார்.

"எல்லாரும் டோர்ச்ச அணைங்க. ஒரு நிமிஷம் சத்தம் போடாம இருங்க. இருட்டுன்னா என்னன்னு பாப்போம்."

எல்லாம் அணைந்தது. என் வால் சும்மா இருக்கவில்லை. அவள் கையிலிருந்து என் கையை உருவிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன். பயந்து கத்துவாள், எல்லோரும் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை.

டக், டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. பையன்கள் சிரித்தார்கள். "எவன்டா அது?" என்று சேர் அதட்டினார். சத்தம் நிற்கவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால், அவள் குந்தியிருந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, ஒரு கல்லால் பாறையைத் தட்டிக்கொண்டிருந்தாள். கூட வந்திருந்த டீச்சர் கல்லைப் பிடுங்கியதும் வெறுங்கையால் தட்டினாள். அந்த அண்ணன்தான் அவளை வெளியே தூக்கி வந்தார்.

டீச்சர் தண்ணீர் கொடுத்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"அன்னைக்கும் மண்ணுக்குள்ள தகரத்துல தட்டிக்கிட்டே இருந்தேன் டீச்சர். மேல ஆளுங்க பேசுறது கேட்டுச்சி. நிறுத்துனா, யாரும் இல்லன்னு போயிருவாங்க."

நான் என் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"இந்தப் புள்ள கையப் புடிச்சிருந்தது யாரு?" என்று சேர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அவ புடிச்சிக்கிட்டுத்தான் இருந்தா சேர். எங் கைதான் வேர்வையில வழுக்கிருச்சி. எல்லார் டிரிப்பையும் கெடுத்துட்டேன், மன்னிச்சிருங்க."

"இல்ல சேர், நான்தான் விட்டேன்" என்று நான் சொல்லவில்லை. அவள் இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.