சம்பந்தி பெயரில் ஒரு சக்கர நாற்காலி

நான் ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார். திண்டுக்கல்லில் முப்பது வருடம் விசில் ஊதியவன். மைதானத்தில் பின்தங்கிய பிள்ளைகளை, "ஏலே, சோறு திங்கலையா, ஊர்ந்து வாரே!" என்று விரட்டியவன். அப்படிப்பட்டவனுக்கு முழங்கால் தேய்ந்துபோனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? மனைவிக்கு மட்டும் தெரியும். வேறு யாருக்குத் தெரிந்தாலும் சம்பந்திக்குத் தெரியக் கூடாது என்பதில் குறியாக இருந்தேன்.

சம்பந்திக்கு ஊர் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம். தென்னை விவசாயம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் மாதா மாதம் கிருத்திகைக்கு மலைப்படி ஏறிச் சாமி கும்பிடுகிறவர். அவரும் அவர் மனைவியும் நாகல் நகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்றால், அவர்கள் ஆட்டோ வருவதற்கு அரை மணி நேரம் முன்பே நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். சம்பந்தி உள்ளே வரும்போது நாற்காலியிலிருந்து எழ முடியாமல் முக்கி முனகுவதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசும். அவரோ, "வாசல்லயே நிக்கறீங்களே, எதுக்குங்க இத்தன மரியாதை?" என்று நெளிவார்.

மகளும் மாப்பிள்ளையும் மியூனிக்கில் இருக்கிறார்கள். போன வருடம் நாலு பேரையும் அழைத்தார்கள். "ரயில்லயே நிதானமா சுத்திப் பாப்போம். வயசானவங்களுக்குத் தோதா இருக்கணும். அப்பா, நீங்களே ப்ளான் போடுங்க" என்றாள் மகள்.

கரும்பு தின்னக் கூலியா? இரண்டு மாதம் அதே வேலையாக இருந்தேன். ஒரு நாளைக்கு ஒரே பயணம். ரயில் மாறுகிற இடத்தில் குறைந்தது முக்கால் மணி நேரம். சால்ஸ்பர்க்கில் இரண்டு நாள், இன்ஸ்ப்ரூக்கில் இரண்டு நாள், கடைசியில் சூரிச். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ஹோட்டல். லிஃப்ட் இருக்க வேண்டும், குளியலறையில் தொட்டி இருக்கக் கூடாது, ஏனென்றால் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க முடியாது. யாரால் முடியாது? என்னால்தான். "சம்மந்தி வீட்டுக்காக இம்புட்டு அக்கறையா பாக்குறாரே" என்று என் மைத்துனர் மெச்சியபோது மறுக்காமல் கேட்டுக்கொண்டேன்.

பிறகு மகள் ஒரு ஃபாரம் அனுப்பினாள். ஸ்டேஷனில் ஆள் வைத்து ரயில் பெட்டி வரை அழைத்துப் போக முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டுமாம். யாருக்கு உதவி தேவை? எத்தனை படி ஏற முடியும்? சக்கர நாற்காலி வேண்டுமா? கேள்விகள் எல்லாம் என் முழங்காலைப் பார்த்துக் கேட்ட மாதிரி இருந்தன. பெயர் எழுதுகிற இடத்தில் நான் சம்பந்தியின் பெயரை எழுதி அனுப்பினேன்.

என் கணக்கு இதுதான். நாற்காலி வரும். அவர், "எனக்கு எதுக்குங்க?" என்று ஒதுங்குவார். வந்ததைத் திருப்பி அனுப்புவானேன் என்று நான் வேடிக்கைபோல உட்கார்ந்துகொள்வேன். இவ்வளவு கேவலமான புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியவில்லை. அன்றைக்கு அது சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியும் அவர் மனைவியும் முருங்கைக்காயும் தேங்காயுமாக வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வீடியோவில் வந்தார். முகம் வாடியிருந்தது. ஃபாரத்துக்கு ரயில்வேயிலிருந்து வந்த பதில் அவர் கைக்குப் போயிருக்கிறது.

"ஏனுங்கப்பா, கால் முடியலைன்னு எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே? நாலு படி கூட ஏற முடியாது, வீல்சேர் வேணும்னு போட்டிருக்கு."

சம்பந்தி அம்மா பதறிவிட்டார். "ஏனுங்க, என்னாச்சுங்க உங்களுக்கு?"

சம்பந்தி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு போன் பக்கம் திரும்பி, "நான்தான் சாமி எழுதச் சொன்னேன். முட்டி கொஞ்சம் புடிச்சுக்குது. பெருசா ஒண்ணுமில்ல" என்றார்.

மாப்பிள்ளை விடவில்லை. "அப்ப இனிமே மலையேறக் கூடாதுங்கப்பா. இங்க வர்ற வரைக்கும் ஒரு படி ஏறக் கூடாது. சொல்லுங்க."

"சரி சாமி, ஏறல" என்று வாக்குக் கொடுத்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. அவர்களை வழியனுப்பியபோதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த கிருத்திகைக்கு முதல் நாள் சம்பந்தி அம்மா என் மனைவிக்குப் போன் செய்தார். "மகங்கிட்ட வாக்குக் குடுத்துட்டாருங்க. நாளைக்கு என்னை மட்டும் ஏறச் சொல்றார். கல்யாணமான நாள்லருந்து இப்படி நடந்ததே இல்லீங்க" என்று அழாத குறை. அன்று ராத்திரியே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "காலைல முத பஸ்ஸுக்குக் கிளம்புங்க" என்று மட்டும் சொன்னாள்.

பழனி அடிவாரத்தில் ஒரு கடை ஓரமாக, சிமென்ட் பெஞ்சில் சம்பந்தி தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். மியூனிக்கில் இன்னும் விடியாத நேரம்.

"மாப்ள, அந்த நாற்காலி எனக்குத்தான். உங்க அப்பா பேரை எழுதுனது நாந்தான். அவர் காலுக்கு ஒண்ணுமே இல்ல."

"சரிங்க மாமா, பேரை மாத்திடறேன்" என்றார் மாப்பிள்ளை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு குறுகியிருக்க மாட்டேன்.

சம்பந்தி செருப்பைக் கழற்றி என் காலடியில் வைத்தார். "செத்த நேரம் பாத்துக்குங்க, ஏறிட்டு வந்தர்றேன்."

"உங்களுக்கு என் கால் விஷயம் எப்பத் தெரியும் சம்மந்தி?"

"நிச்சயத்தன்னிக்கேங்க" என்றார். "தட்டு மாத்தி முடிச்சு எல்லாரும் சாப்பிட எந்திரிச்சுப் போயிட்டாங்க. நீங்க மட்டும் பாய்லயே உக்காந்திருந்தீங்க. கை குடுக்கலாம்னு வந்தனுங்க. நீங்க சங்கடப்படுவீங்கன்னு திரும்பிப் போயிட்டேன்."

சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு படியேறத் தொடங்கினார். அவர் போவதைப் பார்க்க எனக்குத் தலை நிமிரவில்லை.