களப்புக்குச் சலாம் சொன்ன சுபைதா டீச்சர்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது நான் காலைச் சாப்பாட்டில் இருந்தேன். "ஓய்வுபெற்ற தபாலதிபர் காசிம் அவர்களின் மனைவி காலமானார்" என்றார்கள். பெண்களின் பெயரை அங்கே சொல்வது எங்கள் ஊர் வழக்கமில்லை. உம்மா, "ஆரோ வயசான ஆள் போல" என்றார். நானும் ரொட்டியைத் தின்று முடித்தேன். என்னோடு படிக்கும் ரிப்கா வேலியருகே வந்து நின்று அழுதபோதுதான், இறந்தது எங்கள் சுபைதா டீச்சர் என்று தெரிந்தது.

பாடசாலையின் அனுதாபக் கூட்டத்தில் வாசிப்பதற்காக, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, வாப்பாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

டீச்சர் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்தார்கள். சனிக்கிழமைகளில் குறிஞ்சாக்கேணியில் கடல்நீர் புகுந்து கிடக்கும் களப்போரத்துக்குச் சிரமதானத்துக்குக் கூட்டிச் சென்றார்கள். அங்கே சேற்றில் கண்டல் மரக் கன்றுகள் நட்டோம். அவற்றில் சிக்கும் குப்பையை எடுத்தோம். முதல் நாள் கத்திக்கொண்டு சேற்றில் பாய்ந்த எங்களை டீச்சர் கரைக்குத் திரும்ப அழைத்தார்கள்.

"ஒரு வீட்டுக்குள்ள போறப்ப என்ன சொல்லுவீங்க?"

"சலாம், டீச்சர்."

"அப்ப சொல்லிட்டு இறங்குங்க."

"இங்க ஆரு டீச்சர் இருக்கா?" என்று அஸ்லம் கேட்டான்.

"நண்டு இருக்கு, றால் குஞ்சு இருக்கு. அதுகள்ட வீடு இது. நீங்க போட்ட சத்தத்துல எல்லாம் ஒளிச்சிட்டுதுகள்."

அன்று சிரித்துக்கொண்டு சொன்னோம். பிறகு பழகிவிட்டது. சலாம் சொல்லி இறங்கிய பின் யாருக்கும் மிதித்து ஓடத் தோன்றவில்லை.

பெருநாள் முடிந்த கிழமை போனபோது கன்றுகள் சாய்ந்து கிடந்தன. நீரோடு வந்த பிளாஸ்டிக் பைகள் அவற்றைச் சுற்றி இழுத்திருந்தன. சேற்றைக் கழுவிப் பார்த்தால், பாதிப் பைகளில் என் வாப்பாவின் கடைப் பெயர்.

"டீச்சர், இவட வாப்பா கண்டலுக்கும் சாமான் வித்திருக்கார்!" என்றான் அஸ்லம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சேற்றிலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

டீச்சர் நிமிராமல் பையை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்கள்: "வாங்கினது கண்டல் இல்ல மகன். உங்கட உம்மா."

சிரிப்பு நின்றது. ஆனால் கதை ஊருக்குள் போய்விட்டது. இனிக் களப்புப் பக்கம் போகக்கூடாது என்று வாப்பா என்னைத் தடுத்தார்.

டீச்சர் கடைக்கே வந்தார்கள். நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன்.

"தம்பி, புள்ளைய அனுப்புங்க."

"நீங்க பாடத்தைப் படிப்பிச்சுக் குடுங்க டீச்சர். குப்பை அள்ள நகரசபை ஆக்கள் இருக்காங்க."

"அள்ள ஆள் இருக்கு தம்பி. எறியாம இருக்கத்தான் ஆளைக் காணல்ல."

"என்ட கடையைச் சொல்லித்தானே ஊர் சிரிக்குது. ஏலாது டீச்சர்."

"சரி. வாற கிழமையும் வந்து கேப்பன்."

சொன்னபடி வந்தார்கள். சீனி வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டு, கோபமில்லாமல் அதையே கேட்டார்கள். கடைசியாக வந்தபோது கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். வாப்பா தண்ணீர் கொடுத்தார், அனுமதி கொடுக்கவில்லை. அதன் பிறகு டீச்சரைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது ஜனாஸாதான்.

அடக்கம் முடிந்து வந்த வாப்பா சாப்பிடவில்லை. என்ன நினைக்கிறார் என்று கேட்க எனக்குப் பயம். இதை வாசித்தால் கடைக் கதை மறுபடியும் ஊருக்குள் போகும். அதற்கும் பயம்.

மழைவெள்ளத்தில் கன்றுகளில் மீண்டும் பைகள் சுற்றிக் கிடப்பதாக ரிப்கா சொன்னாள். அவிழ்க்காவிட்டால் வேரோடு போய்விடும். சனிக்கிழமை பிள்ளைகள் தாங்களாகவே போகிறார்கள்.

டீச்சர், எனக்காகக் கேட்க இனி நீங்கள் வரமாட்டீர்கள். வாப்பாவின் குரல் உயர்ந்தால் நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவேன். ஆனாலும் காலையில் அவர் கடை திறக்குமுன் நானே கேட்கப்போகிறேன்.

உங்களை அடக்கிய இடத்துக்குப் பெண்கள் போவதில்லை; நான் அதைப் பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்காலளவு சேற்றில் குனிந்து, ஒரு சின்னக் கன்று முறியாமல் பையை அவிழ்க்கும் உங்கள் விரல்கள்தான் என் கண்ணில் நிற்கின்றன. போய் வாருங்கள் டீச்சர். அல்லாஹ்வின் மண் உங்களையும் அவ்வளவு மெதுவாகவே வாங்கிக்கொள்ளட்டும்.