அக்கா ஏறிப் பார்த்த படி

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வவுனியாவில் மரம் விற்கிற ஒரு மரக்காலைக்குள் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தேன். அவ்வளவு நடையையும் நேராக நடந்திருந்தால் மாங்குளம் வரை வந்திருப்பேன்.

விசயம் என்ன? படிக்கட்டு!

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரே ஒரு அறை கட்டினோம். ஏறத்தான் வழியில்லை. கொங்கிறீற்றில் போடலாம் என்றார் மேசன். இரும்பில் சுருள் படி வைக்கலாம் என்றான் மைத்துனன். எனக்கோ மரத்தில்தான் ஆசை — கடைசல் தூண்கள் வைத்த பழைய பாணிப் படி. அதில் ஏறிப்போய், மேல் அறையில் உட்கார்ந்து, பத்திரிகைக்கு இந்தப் பத்தியை எழுத வேண்டும். எழுதுகிறவனுக்கு ஒரு மாடி வேண்டாமா?

"மேல் அறை எனக்கு," என்றார் அக்கா.

எங்களோடு இருக்கிற அக்காதான் எனக்கு ஒரே கூடப்பிறந்தவர். இடது முழங்காலுக்குக் கீழே அவருக்குச் செயற்கைக் கால். போரில் போனது. அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை, நானும் எழுதப்போவதில்லை. கீழே குசினிக்குப் பக்கத்து அறைதான் அவருக்கு என்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். அவரிடம் கேட்டோமா? கேட்க என்ன இருக்கிறது... அதுதானே வசதி!

"மச்சாள், ஏறி இறங்க உங்களுக்குக் கஷ்டமெல்லோ?" என்றாள் மனைவி.

"நாளாந்தம் பஸ் ஏறித்தானே வேலைக்குப் போறன். பஸ் படி ஏறலாம், வீட்டுப் படி ஏறக்கூடாதோ?"

"விழுந்தால்?" இது நான்.

"விழுந்தால் எழும்புவன்."

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன்.

"கீழை இருந்தால் வாற போற சனமெல்லாம் என்ர அறைக்குள்ளை எட்டிப் பாத்து, 'பாவம்' எண்டிட்டுப் போகுதுகள். மேலை ஏறிவந்து பாவம் பாக்க ஒருத்தரும் மினக்கெட மாட்டினம்."



அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் படிக்கட்டுப் படங்களாகப் பார்த்தேன். எந்தப் படியைப் பார்த்தாலும் அதில் அக்கா விழுவதுதான் தெரிந்தது. கடைசியில் என் மர ஆசையையே விட்டுவிட்டு, "சரி, கொங்கிறீற் போட்டு ரைல்ஸ் பதிப்பம்," என்றேன்.

"ரைல்ஸ் வழுக்கும். மரம்தான் வேணும்," என்றார் அக்கா. பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "இந்தக் கால் எங்கை பட்டதெண்டு எனக்குத் தெரியிறேல்லைத் தம்பி. மரமெண்டால் சத்தம் கேக்கும். கேட்டால், கால் பதிஞ்சிட்டுது எண்டு தெரியும்."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். இது எனக்குப் புதுச் செய்தி!

அப்படித்தான் மரக்காலைக்குப் போனோம். உள்ளே இரண்டு படிக்கட்டுகள், பரண் ஒன்றில் சாத்தி வைத்திருந்தார்கள். ஒன்று கடைசல் தூண்களோடு, பூ வேலையோடு, நான் ஆசைப்பட்ட அதே வடிவு. மற்றது அகலமான பலகைகள். பார்க்க வெறும் பெட்டி அடுக்கியது போல.

"ஏறிப் பாக்கலாமோ?" மரவேலை செய்துகொண்டிருந்த ஓடாவியாரிடம் அக்கா கேட்டார்.

"ஏறுங்கோ. யானை ஏறினாலும் அசையாது."

பூ வேலைப் படியில் அக்கா ஏறினார். டக்... டொக்... உச்சிக்கே போய்விட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இறங்கும்போதுதான் வந்தது வினை. பலகை ஒடுக்கம், செயற்கைப் பாதம் முழுதாக அதில் பதியவில்லை. பாதியில் நின்றுவிட்டார். ஒரு கை தூணில். முகம் வெளிறிவிட்டது.

நான் ஓடினேன்.

"வராதை! நில்லு அங்கை!"

நின்றேன். அக்கா உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, நண்டுபோல ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே வந்ததும் ஒரு கதிரையைத் தேடி உட்கார்ந்தது யார்? நான்தான்.

அவர் உட்காரவில்லை. நேரே மற்றப் படியில் ஏறினார். நேராக இறங்கினார். திரும்ப ஏறினார், திரும்ப இறங்கினார்.

"இதுதான்," என்றார்.

அப்பாடா என்று ஓடாவியாரிடம் திரும்பினேன். "நில்லு," என்றார் அக்கா. "மற்றதிலை இருக்கிற கடைசல் தூணை இதுக்குப் போட்டுத் தரச் சொல்லு."

"அக்கா, உங்களுக்கு இப்ப பாதுகாப்புத்தானே முக்கியம்..."

"ஏன், கால் இல்லாதவைக்கு வடிவு வேண்டாமோ?"

ஓடாவியார் சிரித்தேவிட்டார். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை.

கடைசல் தூணோடு படி வந்து பொருத்தியாயிற்று. மேல் அறையில் அக்கா. நான் சாப்பாட்டு மேசையில், குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்து இதை எழுதுகிறேன். ஒருவருக்கு எது வசதி என்பதை மற்றவர்கள் கூடி முடிவெடுப்பது எவ்வளவு சுலபம்... அதற்கு அன்பு என்று பெயர் வேறு வைத்துவிடுகிறோம்!

வீட்டுக்கு வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். "நல்ல படி. ஆர் தெரிவு செய்தது?" என்கிறார்கள்.

"அக்காவைக் கேளுங்கோ. அவா மேலை இருக்கிறா."