அந்த நிமிஷம் மாமாதான் கோலி

ஆட்டத்தின் நடுவே எந்த வீரரும் கோல்கீப்பரோடு இடம் மாறிக்கொள்ளலாம்; மாறும் முன் நடுவரிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மாறி, பெனால்டி கட்டத்துக்குள் பந்தைக் கையால் தொட்டால் எதிரணிக்குப் பெனால்டி. அன்றைய விதி இவ்வளவுதான். எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இல்லை. நடுவருக்கு நேர்மை இருக்க வேண்டும் என்றும் இல்லை. இரண்டாவதைச் சேர்த்திருக்கலாம்.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு ஒன்பது வயது. திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த மைதானத்தில் பந்தாட்டப் போட்டி நடந்தால் அப்பா என்னையும் கூட்டிப் போவார். அம்மாவின் தம்பி, தோல் பதனிடும் தோல்ஷாப்பில் தொழிலாளி, அந்தத் தோல்ஷாப் அணியில் ரைட் பேக்; கோலுக்கு முன்னால் வலப்பக்கக் காவல். யார் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூட்டத்தின் வசவுகளைக் கேட்டே தெரிந்துகொண்டேன்.

"ஏலே லெஃப்ட் அவுட்டு, கோட்ட ஒட்டி ஓடுலே! உள்ளுக்க என்ன பந்தியா போடுறாக?"

இப்படி ஒருவர் கத்தினால், தலை குனிந்தபடி இடது ஓரத்துக்குத் திரும்பி ஓடுகிறவன் லெஃப்ட் அவுட். "சென்டர் ஹாஃபுக்குக் கட்டில் போடுங்கப்பா" என்றால், நடுவில் மூச்சு வாங்க நிற்கிறவன் சென்டர் ஹாஃப். ஒரே மாதத்தில் பதினொரு இடமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பள்ளி வருகைப் பதிவேட்டில் கொடுத்த எண் வருஷம் முழுக்க மாறாததுபோல, ஆட்டத்திலும் ஒருவருக்கு ஓர் இடம்தான் என்பது நானாகச் செய்துகொண்ட முடிவு. அதைத் திருத்த யாரும் வாய்க்கவில்லை.

இறுதி ஆட்டம் உத்தியோகஸ்தர் அணியோடு. அவர்கள் காலில் பூட்ஸ். எங்கள் ஆட்கள் வெறுங்கால். கடைசிப் பத்து நிமிஷம் வரை கோல் விழவில்லை. அப்போது பூட்ஸ் கால் ஒன்று மிதித்து எங்கள் கோலியின் கை ஒடிந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாற்று ஆள் இறக்க அந்தக் காலத்தில் வழியில்லை. மாமா அவருடைய முழுக்கைச் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு நேராக நடுவரிடம் போனார். நான் கோல் கம்பத்துக்குப் பின்னால், பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"சார், இனி நாந்தான் கோலி சார்."

நடுவர் விசிலை வாயில் வைத்தபடியே தலையை ஆட்டினார். ஆட்டினார் என்பதை இன்றும் எந்த மன்றத்திலும் சொல்வேன்.

அடுத்த பந்தை மாமா இரண்டு கையாலும் பிடித்தார். விசில் ஒலித்தது. பெனால்டி! "எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்றார் நடுவர். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

"தலைய ஆட்டுனீங்களே சார்!" என்று மாமா கத்தினார். சட்டையைப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம். நடுவரைப் பொய்யர் என்று சொன்னதாக விசாரணை வைத்தார்கள். குற்றம் உறுதியானால் ஒரு வருஷம் ஆடக்கூடாது. அடுத்த மாதம் ஜில்லா அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். மாமாவின் பெயர் பட்டியலில் இருந்தது.

அணி ஆட்களின் சாட்சி செல்லாது என்றார்கள். மற்ற ஜனம் தூரத்தில் இருந்தது. மிஞ்சியது நான். போட்டிக் குழுவின் செயலாளர், நடுவரோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர், எனக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"உங்க மாமா எந்த எடத்துல ஆடுனாரு பாப்பா?"

"ரைட் பேக்."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

"அப்ப கோலி?"

"கை ஒடிஞ்ச அண்ணன்."

"மாமா நடுவர்கிட்ட…" என்று ஆரம்பித்தேன். "கேட்டதுக்கு மட்டும் சொல்லணும் கண்ணு" என்று சொல்லிவிட்டு, எழுதிய நோட்டை மூடினார். மூன்று கேள்விக்கும் சரியாகச் சொன்ன பெருமையோடு வெளியே வந்து, வாசலில் நின்ற அப்பாவிடமும் மாமாவிடமும் ஒப்பித்தேன்.

"அம்புட்டும் போச்சு!" என்று அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார்.

மாமா குறுக்கே வந்தார். "விடுங்க மச்சான். புள்ள படிச்சதத்தான சொல்லிருக்கு."

ஒரு வருஷத் தடை. ஜில்லா தேர்வு அவர் இல்லாமல் நடந்தது. மேல்முறையீடு செய்தார், அப்பா மாதம் ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதினார். தடை முடிந்த பின்னும் மாமா மைதானத்துப் பக்கம் போகவில்லை. நானும் பின்னாளில் அரசு வேலையில் முப்பது வருஷம் விசாரணைக் கோப்புகள் பார்த்தேன். வேண்டிய பதிலை முதலில் முடிவு செய்துகொண்டு அதற்கேற்பக் கேள்வி தயாரிப்பவர்கள் ஒவ்வொரு ஆபீசிலும் இருந்தார்கள். எல்லோருக்கும் காலாகாலத்தில் பதவி உயர்வும் கிடைத்தது.

மேல்முறையீட்டுக்குப் பதில் வந்ததா என்று சிறுமியாக ஒரு நாள் கேட்டேன். ஆடிப்பெருக்குக்கு மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். சட்டைப் பைக்குள் எதையோ தள்ளிவிட்டு, "அதெல்லாம் முடிஞ்சிருச்சு மருமகளே, நீ புளிச்சோத்தக் கொண்டா" என்றார். ஜெயித்துவிட்டார் என்று நினைத்து இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தேன்.

அவர் காலமான பிறகு பெட்டியில் அந்தக் கடிதம் கிடைத்தது. மனு தள்ளுபடி. காரணம் ஒரே வரி: மனுதாரர் கடைசி வரை ரைட் பேக்காகவே ஆடினார் என்பதை அவருடைய அக்காள் மகளே உறுதி செய்திருக்கிறாள். உறையின் மேல், கிடைத்த நாளை மாமா பென்சிலில் குறித்திருந்தார். தடை விதித்து மூன்றாம் வருஷம், ஆடிப் பதினெட்டு.