வியாழக்கிழமையே எரிந்த சிவப்பு விளக்கு

திங்கட்கிழமை காலையில் டாங்கை நிரப்பினால் சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும் காணும். எங்கள் கடை லொறியின் குணம் அது. இவர் ஓட்டிய காலமெல்லாம் அப்படித்தான் இருந்தது. இவர் என்றால் என் கணவர். ஜெர்மனியில், ஹம் நகரில் கீழே மரக்கறிக் கடையும் மேலே வீடுமாக இருக்கிறோம். கடையில் பாதி இவருடைய தமையனுக்கு, அதாவது என் அத்தானுக்கு. அந்த வருஷம் இலை கொட்டத் தொடங்கும்போது இவருக்கு முதுகில் தட்டு விலகி, மூட்டை தூக்கவும் கூடாது, லொறி ஓட்டவும் கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டார். சாவி என் கைக்கு வந்தது. கொஞ்ச நாளில் குளிர் இறங்கியது. குளிர் இறங்கிய கிழமையே, டீசல் முடியப்போகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு வியாழக்கிழமை எரிந்தது.

அந்த ஒரு சின்ன விளக்குக்கு எங்கள் ஆம்பிளைகள் கூட்டிய கூட்டத்தை, இவருக்கு முதுகு போனபோதுகூட ஒருவரும் கூட்டவில்லை.

எனக்கு அந்த ஸ்டியரிங் எவ்வளவு பெரிது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். எத்தனையோ வருஷம் கடையில் காசு வாங்கும் மேசைக்குப் பின்னால் நின்றவள் நான். முருங்கைக்காய் ஏன் இந்த விலை என்பவருக்கும், கறிவேப்பிலையைச் சும்மா தந்தால் குறைந்தா போவீர்கள் என்பவருக்கும் முகம் சுளிக்காமல் மறுமொழி சொல்லியே என் சீவன் போனது. லொறியில் ஏறிக் கதவைச் சாத்தினால் ஒரு சனமும் ஒன்றும் கேட்காது. டோர்ட்முண்டில் மரக்கறி ஏற்றி, ஊன்னா, சோஸ்ட் பக்கத்துச் சின்னக் கடைகளுக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வரைக்கும் எனக்கு நான்தான் முதலாளி. பாட்டைப் போட்டுவிட்டுக் கூடவே பாடுவேன். என் குரல் அவ்வளவு மோசமில்லை என்று அந்தக் குளிர்காலத்தில்தான் எனக்கே தெரிந்தது.

அத்தானுக்கு மனைவியின் தம்பி ஒருவர் வேலையில்லாமல் இருந்தார். நல்ல மனிதர், பகல் பதினொரு மணிக்கு முன் அவரை எழுப்புவதுதான் கஷ்டம். சிவப்பு விளக்கைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அத்தானுக்கு உடனே மைத்துனரின் ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"குறை நினைக்காதை பிள்ளை. பொம்பிளையளின்ரை கால் கொஞ்சம் பாரமாத்தான் விழும்."

அவருடைய கால் பாரத்துக்கு எங்கள் வீட்டு மரப்படி முனகுவதைப் பற்றி நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அன்றைக்கும் திறக்கவில்லை. தைப்பொங்கலுக்கு முன் காரணம் பிடிபடாவிட்டால் லொறியை மைத்துனர் ஓட்டட்டும், பிள்ளை பழையபடி மேசையில் நிற்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். இவர் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஆராய்ச்சி தொடங்கியது. அதற்குத் தலைவர் இவர்தான். லொறி ஓட்ட முடியாத மனிதர் லொறியைப் பற்றிக் கதைத்தாவது ஆறுதல்படட்டும் என்று நான் விட்டுவிட்டேன். டயர்க் கொம்பனியில் வேலை செய்யும் சிநேகிதர் ஒருவர், குளிரில் காற்று சுருங்கும், டயர் இளகினால் டீசல் கூடப் போகும் என்றார். அதில் பிழையில்லை. ஆனால் அவர் தன் கையாலேயே அடித்துவிட்ட காற்றில் டயர் கல்லாகி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் பல்லு ஆடியது. பின்னால் ஒரு பெட்டி முட்டை போனது. இன்னொருவர், குளிர்காலத்தில் ஊற்றும் டீசலில் சத்துக் குறைவு என்றார். நல்ல டீசல் தேடி, அத்தானும் அவரும் காரில் ஒரு முழுச் சனிக்கிழமை ஊர் ஊராகச் சுற்றினார்கள். அந்தக் கார் குடித்த பெற்றோலைப் பற்றி ஒருவரும் ஆராயவில்லை.

பிறகு மியூனிக்கிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். தமிழ்நாட்டுப் பெடியன், கார்க் கொம்பனியில் வேலை, இவருக்கு எப்படியோ போனில் பழக்கம். ரயில் வழக்கம்போலப் பிந்தி வந்ததால் வந்தவுடன் சாப்பாடு, சாப்பிட்டவுடன் நித்திரை. அடுத்த நாள் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமானை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிவிட்டு, மடிக்கணினியில் கோடு கோடாக ஏதோ காட்டினார். ஆம்பிளைகள் எல்லோரும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது எனக்கு நன்றாக விளங்கியது.

"பேசிக்கலி டேட்டா பத்தலைக்கா," என்றார் கடைசியில். "இன்னொரு வின்டர் ஓட்டினீங்கன்னா கரெக்டா சொல்லிடலாம்."

ஒரு குளிர்காலத்தின் பழியையே சுமக்க முடியாமல் இருக்கிறேன், இதில் இன்னொன்றா? கட்டிக் கொடுத்த இடியப்பத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் கராஜில் டெர்மின், அதாவது லொறியைக் காட்ட ஒரு நாள், கிடைத்தது. ஜெர்மன்காரர், ஆறுதலாக எல்லாவற்றையும் பார்த்தார். லொறிக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, குளிர் என்றால் எந்த வண்டியும் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும், ஆனால் சனிக்கிழமை வரை காணுகிற டீசல் வியாழக்கிழமை முடிகிறதென்றால் அது குளிரால் மட்டும் இல்லை, வண்டியை எப்படிப் பாவிக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள் என்றார். இதை நான் வீட்டில் வந்து அப்படியே சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். எல்லாத் தலையும் ஒன்றாக என் காலைப் பார்த்தன.

அதற்குப் பிறகு நான் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, ஐயோ! செத்தவீட்டு ஊர்வலம்கூட என்னை முந்திப் போயிருக்கும். பின்னால் வந்த பெரிய லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்துக் கையைக் காட்டினார்கள். பாட்டைக்கூட நிற்பாட்டிவிட்டேன், பாடினால் கால் அழுத்துமோ என்ற பயம். அப்படியும் வியாழக்கிழமை விளக்கு எரிந்தது. ஊன்னாவில் ஒரு கடை வாசலில் லொறியை நிற்பாட்டிவிட்டு, என் காலையே நான் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அவர்கள் சொன்னதைவிட, அதை நானும் நம்பத் தொடங்கினேன் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே ஆறுதல் இவர்தான். விடியற்காலையில் எனக்கு முன் எழும்பி, மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கீழே இறங்குவார். லொறிக் கண்ணாடியில் உறைந்த ஐஸை எனக்காகச் சுரண்டிவிடுவார். முதுகு ஏலாத மனிதர் ஏன் இந்தக் குளிரில் மினக்கெடுகிறீர்கள் என்று ஏசினாலும் கேட்க மாட்டார். நான் சாமான் எழுதிய துண்டுகளோடு இறங்கும்போது கண்ணாடி பளிச்சென்று இருக்கும், உள்ளேயும் இதமாக இருக்கும். கனடாவில் இருக்கும் தங்கச்சியிடம் இதைப் பெருமையாகச் சொல்லி, அவளுடைய புருஷனுக்கும் ஒரு நாள் பேச்சு வாங்கிக் கொடுத்தேன்.

பொங்கலுக்கு முந்தின கிழமை, எங்களுக்கு மேல் மாடியில் இருக்கும் ஜெர்மன் அம்மா என்னைப் படியில் மறித்தார். பென்ஷன் எடுத்தவர், குப்பைத்தொட்டியில் எதை எதில் போடுகிறோம் என்று ஜன்னலால் பார்ப்பவர். உன் வேலையை நான் மதிக்கிறேன் என்று தொடங்கினார். அப்படித் தொடங்கினாலே பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். காலையிலும் பின்னேரத்திலும் லொறி முற்றத்தில் நின்றபடியே புகை விடுகிறது, என் படுக்கையறை முழுக்க டீசல் மணம், இந்த நாட்டில் சும்மா என்ஜினை ஓடவிடுவது சட்டப்படி குற்றம், இனியும் நடந்தால் நகராட்சிக்கு அறிவிப்பேன் என்றார். நான் ஏறினால் உடனே போய்விடுகிறேனே என்றேன். உன்னைச் சொல்லவில்லை, உள்ளே இருந்து போன் கதைக்கும் மனிதரைச் சொல்கிறேன் என்றார்.

அடுத்த நாள் விடிய, இவர் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் நானும் செருப்போடு இறங்கினேன். முற்றத்தில் லொறி உறுமிக்கொண்டு நின்றது. இவர் ஓட்டுநர் சீற்றில் சாய்ந்து இருந்தார். ஐஸ் சுரண்டும் கட்டை புத்தம் புதிதாக, கடை ஒட்டிய விலைத் துண்டுகூடக் கிழியாமல் முன்னால் கிடந்தது. பக்கத்தில் போன். கண்ணாடி சாத்தியிருந்தும் அத்தானின் குரல் வெளியே கேட்டது. லொறி ஏன் இவ்வளவு டீசல் குடிக்கிறது என்று அவர் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். இவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் கண்ணாடியில் தட்டினேன். கண்ணாடி இறங்கியது.

"என்னப்பா செய்யிறியள்?"

"ஐஸ் உருகுது."

"கையாலை சுரண்டுறன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"குனிஞ்சு நிமிர ஏலாதப்பா, இடுப்புக் குத்துது."

"இவ்வளவு நாளும் இப்பிடியோ? பின்னேரத்திலையும்?"

இவர் என்னைப் பார்த்த பார்வையில் துளி கள்ளமும் இல்லை. "அதுக்கும் டீசலுக்கும் என்ன? லொறி ஒரு அடிகூட அசையேல்லையே. நிண்ட இடத்திலைதானே நிக்குது."

இருபது வருஷம் லொறி ஓட்டிய மனிதர்! தூரம் போனால்தான் டீசல் போகும் என்று நம்பி, ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் என்ஜினைப் போட்டுவிட்டு, டீசல் எங்கே போகிறது என்று உலகம் முழுக்கப் போனில் விசாரித்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கட்டையாலேயே நாலு போடலாம் போல இருந்தது. அதற்குள் போனில் அத்தான், ஆரது, ஆரது என்றார்.

"நான்தான் அத்தான். வருத்தம் பிடிபட்டிட்டுது."

"எங்கை பிள்ளை?"

"சீற்றிலை இருக்கு."

இவர் சாவியைத் திருப்பினார். முற்றம் அமைதியானது. மேலே ஒரு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, என்னைப் பாராமல் சொன்னார்: "இதிலை இருந்தாத்தான் நான் இன்னும் வேலை செய்யிற ஆள் மாதிரிக் கிடக்கு." என் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பாதி போனது. பாவம்தான். ஆனால் அந்தச் சீற்றில் இருந்துகொண்டே, அதிலிருந்து என்னை எழுப்பிவிடப் பார்த்தவர்களின் கதையையும் கேட்டுக்கொண்டிருந்தாரே!

பொங்கலன்று எல்லோரும் வந்தார்கள். மைத்துனரும் பதினொரு மணிக்குப் பிறகு வந்தார். நான் பரிமாறிக்கொண்டு நின்றேன். இவர்தான் எழும்பி நின்று, அது அவளின் கால் இல்லை, என்னுடைய வேலை என்று நடந்ததைச் சொன்னார். பிறகு அத்தான், என்ஜினை ஆரோ பிழையாகப் பாவிக்கினம் என்று தான் முதலே சொன்னதாகச் சொன்னார். டயர்ச் சிநேகிதர், நின்றாலும் டயர் முக்கியம் என்றார். மியூனிக் எஞ்சினியர் போனில் வாழ்த்துச் சொல்லி, இந்தக் கேஸைத் தன் டேட்டாவிலிருந்து எடுத்துவிடுவதாக அறிவித்தார். மைத்துனர் இரண்டாம் தரமும் சர்க்கரைப் பொங்கல் போட்டுச் சாப்பிட்டார், அவருடைய முகத்தில்தான் எல்லோரையும்விடக் கூடுதல் நிம்மதி தெரிந்தது.

அடுத்த நாளிலிருந்து ஐஸை நானே சுரண்டினேன். இவர் போனையும் எடுத்துக்கொண்டு பக்கத்துச் சீற்றில் வந்து ஏறினார். கதைக்கிறது கதைக்கிறதுதான், அதோடு லொறியும் ஊன்னா வரைக்கும் போய்ச் சேரும். விளக்கு சனிக்கிழமை மத்தியானம் எரிந்தது. கராஜ்காரர் சொன்ன குளிரின் பங்கு அந்த அரை நாள் மட்டும்தான். நான் பாட்டைத் திரும்பப் போட்டேன். போனில் இருப்பவர்கள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால், இவர் ஏலாது என்று சொல்லிவிடுவார்.

பனி போய், மரம் துளிர்த்த நேரத்தில் டொக்டர் இவர் இனி லொறி ஓட்டலாம் என்றார். அத்தான் அன்றைக்கே கடைக்கு வந்துவிட்டார். இனியென்ன, எல்லாம் பழையபடி, பிள்ளைக்கும் ஓய்வு என்று எனக்காகச் சந்தோஷப்பட்டார். நான் முருங்கைக்காய்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். முற்றத்துக்குப் போனார். நானும் அத்தானும் பின்னால் போனோம். லொறியைத் திறந்து, சாவியை ஓட்டுநர் சீற்றில் வைத்துவிட்டு, முன்பக்கத்தால் சுற்றிப் போய் மற்றக் கதவால் ஏறிப் பெல்டைப் போட்டுக்கொண்டார்.

"நீ ஓடு," என்றார். "எனக்குக் கொஞ்சப் பேரோடை கதைக்கக் கிடக்கு."